இனிக்காத குரல்

வடபழனியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளனாக வேலை பார்த்த காலத்தில்தான் டெத் மெட்டல் எனக்கு அறிமுகமானது. ஆடிக்கு முன்னால் அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு முன்னால் ஐயப்பன் பாட்டு, நடுவில் ஜவுளிக்கடை விளம்பரம், சீரியல் டப்பிங் என்று ஓடிக்கொண்டிருந்த கூடம் அது. இரவு பத்து மணிக்கு மேல் வாடகை பாதிதான். அந்த நேரத்துக்குக் கல்லூரிப் பையன்களின் ராக் குழுக்கள் வரும். மூத்த ஒலிப்பதிவாளர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கன்சோல் என் கைக்கு வரும்.

பகலில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் குரலைச் சுத்தம் செய்கிற வேலை. பாடகர் மூச்சு இழுக்கிற சத்தத்தை வெட்டி எடுக்க வேண்டும். உதடு பிரியும்போது வரும் 'ப்ச்' என்ற சின்ன ஒலியை அழிக்க வேண்டும். குரலில் லேசாகக் கரகரப்பு தட்டினால் டேக் ஓகே ஆகாது. வெந்நீர் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மறுபடியும் எடுப்போம். சுருதி சேர வேண்டும், பிசிறு இருக்கக் கூடாது, கேட்டதும் மனசு குழைய வேண்டும். நல்ல குரல் என்றால் இதுதான் என்பதில் எங்கள் கூடத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

2007-இல் ஒரு நாள் இரவு ஐந்து பையன்கள் வந்தார்கள். பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள். டிரம்ஸையும் கிடார்களையும் முன்பே ஒரு வாரம் வந்து பதிந்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்குக் குரல் மட்டும். பாடுகிறவன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஒல்லியான உடம்பு, கையில் தண்ணீர் பாட்டில். யாரிடமும் அதிகம் பேசவில்லை. வழக்கம்போல பூத்துக்குள் பெரிய நொய்மன் மைக்கை நிறுத்தி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, கைல புடிக்கிற மைக் இருக்குமா? எஸ்எம்58 இருந்தாப் போதும்ணா." மேடைக் கச்சேரிக்கு வைத்திருந்த ஒரு பழைய மைக்கை எடுத்துக் கொடுத்தேன்.

கத்தப் போகிறான் என்று கெயினை நன்றாக இறக்கியிருந்தேன். பாட்டு தொடங்கியது. மீட்டர் பாதிக்குக்கூட ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். ஸ்பீக்கரில் ஒரு பூதம் நின்று உறுமியது; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் தோளைக்கூட அசைக்காமல் நின்றுகொண்டிருந்தான். இரண்டாவது டேக்கின்போது எழுந்துபோய் பூத்துக்குள்ளேயே அவன் பக்கத்தில் நின்றேன். அங்கே கேட்ட ஒலி எனக்கு இன்றைக்கும் வியப்புதான். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் சத்தம். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. முகம் சிவக்கவில்லை. வயிறும் விலாவும் மட்டும் விரிந்து, பிறகு ஒரே சீராக, அவசரமில்லாமல் உள்ளே போயின. ஆழமான உறுமலுக்கு வாய் 'ஓ' என்று குவிந்தது. மேலே போகும்போது 'ஈ' என்று பக்கவாட்டில் இழுபட்டது. வரி முடிந்ததும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

"தொண்ட வலிக்கலையா தம்பி?"

"வலிச்சா நான் தப்பாப் பண்றேன்னு அர்த்தம்ணா."

அந்த ஒரு பதிலுக்குப் பிறகு இந்தக் குரலைப் பற்றி நிறையத் தேடிப் படித்தேன். நம் குரல்வளைக்குள் பேச்சுக்கும் பாட்டுக்கும் அதிர்கிற குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. பொய்க் குரல்நாண்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. உணவு விழுங்கும்போதும் கனமான பொருளைத் தூக்கும்போதும் மூச்சுக்குழலை அடைத்துக் காப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. டெத் மெட்டல் பாடகர்களில் பலர் இந்த மேல் மடிப்புகளை நெருக்கி, அடியிலிருந்து சீரான காற்றை அனுப்பி அதிர வைக்கிறார்கள். மங்கோலியாவின் அருகிலுள்ள துவாவில் 'கார்கிரா' என்று ஒரு பாட்டு முறை உண்டு. திபெத்திய பிக்குகள் ஓதுகிற அடிக்குரலும் உண்டு. அவற்றிலும் வேலை செய்வது இதே மடிப்புகள்தான். ஆக, நாற்பது வருஷமாக மெட்டல் பாடகர்கள் செய்வது மனிதத் தொண்டைக்குப் புதிதல்ல. முறை தெரியாமல் தொண்டையை இறுக்கிக் கத்துகிறவனுக்குக் குரல் போய்விடும். முறையாகப் பழகியவன் இரவுக்கு இரவு மேடை ஏறுகிறான். கானிபல் கார்ப்ஸ் குழுவின் ஜார்ஜ் ஃபிஷர் 1995-இலிருந்து அதே குழுவில் இப்படிப் பாடிக்கொண்டிருக்கிறார்.

பதிவு முடிந்தது. மிக்ஸிங்தான் என்னை உலுக்கியது. டிரம்ஸில் இரண்டு கால்களும் இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் ஓடுகின்றன. இரண்டு கிடார்களும் சுருதி தாழ்த்திக் கட்டியவை. பேஸ் அதற்கும் கீழே. எல்லாம் ஒரே தாழ்ந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, குழைந்துபோன பொங்கல் மாதிரி எது எங்கே என்று தெரியாமல் கிடந்தது. அந்தப் பையன் ஐந்தாறு சிடிக்களைக் கொண்டுவந்து கொடுத்தான். "இதெல்லாம் கேளுங்கண்ணா, புரியும்" என்றான். அப்படித்தான் ஃப்ளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரத்தில் இருந்த மாரிசவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர் எனக்குத் தெரிந்தது. டாம் மாரிஸ், ஜிம் மாரிஸ் என்ற சகோதரர்கள் நடத்திய கூடம். ஸ்காட் பர்ன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் அங்கே வேலை பார்த்தார்.

1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் இந்த இசையின் அடித்தளமான தட்டுகளில் எத்தனையோ அந்த ஒரு கூடத்தில் பதிவானவை. டெத் குழுவின் 'லெப்ரஸி' 1988. மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்', ஒபிச்சுவரியின் 'ஸ்லோலி வீ ராட்' இரண்டும் 1989. டீசைடின் முதல் தட்டு 1990. நியூயார்க் மாநிலத்து பஃபலோவில் தொடங்கிய கானிபல் கார்ப்ஸ் பதிவுக்காக அங்கே வந்து, பிற்பாடு தாம்பாவிலேயே குடியேறிவிட்டது. அதற்கும் முன்னால், 1985-இல், சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துப் பையன்கள் பொசெஸ்ட் என்ற பெயரில் 'செவன் சர்ச்சஸ்' வெளியிட்டபோது அதன் கடைசிப் பாட்டுக்கு வைத்த தலைப்பே 'டெத் மெட்டல்'. அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்டாக்ஹோமில் இன்னொரு கூட்டம். அங்கே சன்லைட் என்ற கூடத்தில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெரி பதிவு செய்த என்டூம்டின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' 1990-இல் வந்தது. பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற சின்ன கிடார் மிதிப்பெட்டியின் குமிழ்களை முழுக்கத் திருகி வைத்தால் வருகிற ரம்பச் சத்தம்தான் அந்த ஊரின் அடையாளம்.

இந்தத் தட்டுகளை நான் ரசிகனாகக் கேட்க ஆரம்பிக்கவில்லை; வேலைக்காரனாகக் கேட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு கருவியை மட்டும் பின்தொடர்ந்தேன். பேஸ் டிரம்மின் அடிக்கு மேலே 'டிக்' என்று ஒரு கூர்மை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த வேகத்திலும் ஒவ்வொரு மிதியும் தனித்துக் கேட்கிறது. கிடாரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் செதுக்கி அங்கே பேஸுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். குரல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்காராமல், கிடாரோடு தோள் உரசி நிற்கிறது. முதல் நாள் வெறும் இரைச்சலாக இருந்தது ஒரு வாரத்தில் கட்டடமாக எழும்பி நின்றது. ஒரே பாட்டுக்குள் எட்டு, பத்து கிடார் உருக்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு நடை, வேறு வேகம். பல்லவி, சரணம் என்று திரும்பி வருகிற பழக்கம் பல பாட்டுகளில் இல்லை. ஒரு வாசலில் நுழைந்து வேறொரு வாசலில் வெளியே வருகிறோம். இவ்வளவு சிரத்தையோடு கட்டப்பட்ட இசையை உலகம் ஏன் கட்டுப்பாடில்லாத வெறி என்று நினைக்கிறது என்பது எனக்குப் புரியாமல் போனது.

குரலின் இடமும் அப்போதுதான் பிடிபட்டது. பரிசோதனைக்காக அந்தப் பையன்களின் பாட்டு ஒன்றில் உறுமலை எடுத்துவிட்டு, என் நண்பர் ஒருவரை மெட்டுப் போட்டுப் பாட வைத்தேன். நல்ல குரல், சுத்தமான சுருதி. பாட்டு செத்துவிட்டது. மெட்டு வந்ததும் காது அதையே பிடித்துக்கொண்டு போகிறது. கிடார்கள் இரண்டும் பக்கவாத்தியமாகச் சுருங்கிவிடுகின்றன. உறுமலில் மெட்டு இல்லை. அதில் இருப்பது தாளமும் எடையும். எழுத்துகள் அடிகளாக விழுகின்றன. தவில்காரர் கையில் சொல்கட்டு எப்படி விழுமோ அப்படி ஒவ்வொரு அசையும் டிரம்ஸின் குறிப்பிட்ட இடத்தில் போய் விழுகிறது. மார்பிட் ஏஞ்சலின் டேவிட் வின்சென்ட் இதில் கைதேர்ந்தவர். எத்தனை ஆழத்திலிருந்து உறுமினாலும் அவர் வாயில் எழுத்து சிதையாது. ஒபிச்சுவரியின் ஜான் டார்டி நேர் எதிர். முதல் தட்டில் அவர் பல இடங்களில் சொற்களையே விட்டுவிட்டு வெறும் குரலோசையாகப் பாடியிருக்கிறார். அந்த ஓசைக்கே ஒரு வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் இருக்கிறது.

"ஒரு வார்த்தை புரியவில்லையே" என்பதுதான் எல்லாரும் சொல்கிற முதல் குறை. பழகினால் புரிகிறது. காது அந்த உலர்ந்த ஓசைக்குள்ளே உயிர் எழுத்துகளைத் தேடக் கற்றுக்கொள்கிறது. ஒரு நாள் திடீரென்று முழு வரி காதில் விழுகிறது. இது என் அனுபவம் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் வில்லியம் தாம்சனும் அவருடைய குழுவினரும் இந்த இசையைப் பல வருஷமாக ஆராய்ந்திருக்கிறார்கள். டெத் மெட்டல் சொற்களை ரசிகர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அடையாளம் காண்கிறார்கள் என்று 2018-இல் வந்த அவர்களுடைய ஆய்வு ஒன்று சொல்கிறது. எந்தச் சங்கீதத்துக்கும் காது தயாராக வேண்டும். விஸ்தாரமான ஆலாபனையை முதல்முறை கேட்பவருக்கும் அதே நிலைமைதான்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் கவலை. ஒருநாள் ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏன்டா, யார் மேல உனக்கு இவ்வளவு கோவம்?" அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை, பயம் இருந்தது. எனக்கு யார் மேலும் கோபம் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. பிள்ளைகள் இதைக் கேட்கிற வீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். இப்போது அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது. 2015-இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் லியா ஷர்மனும் ஜெனிவீவ் டிங்கிளும் கடுமையான மெட்டல் கேட்கிற 39 பேரை அழைத்து, முதலில் கோபமூட்டும் பழைய நிகழ்ச்சிகளைப் பேச வைத்தார்கள். பிறகு பாதிப் பேருக்கு அவர்களுடைய இசையைக் கேட்க விட்டார்கள். மீதிப் பேரை அமைதியாக உட்கார வைத்தார்கள். இசை கேட்டவர்களின் கோபம் வளரவில்லை. அமைதியாக இருந்தவர்களுக்கு எப்படியோ அப்படியே இவர்களுக்கும் எரிச்சலும் படபடப்பும் தணிந்தன. கூடவே உற்சாகமும் தெம்பும் கூடின. 2019-இல் மக்குவாரி குழுவினர் இன்னொன்றைச் சோதித்தார்கள். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மறு கண்ணுக்குச் சாதாரணப் படம். பின்னணியில் பிளட்பாத் குழுவின் நரமாமிசப் பாட்டு ஒன்று. வன்முறையைக் கண்டால் மனித மூளை இயல்பாகவே உஷாராகி அந்தப் படத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கூருணர்வு ரசிகர்களிடம் மழுங்கவே இல்லை. மற்றவர்களைப் போலவே அவர்களும் திடுக்கிட்டார்கள்.

சொற்களில் வருகிற பிணமும் ரத்தமும் குடலும்? தமிழ் படித்தவர்கள் இதற்கு மிரள வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் யானைக் கொம்பால் பல் துலக்கி, பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து, காளிக்குப் படைத்து, வயிறு முட்டக் குடித்துக் கூத்தாடுகின்றன. சோழர் அவையின் புலவர் அதைச் சந்தம் தெறிக்கப் பாடினார். நாம் அதைப் பாடத்தில் வைத்திருக்கிறோம். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும், கண் குழிந்து நரம்பு எழுந்து வற்றிய பெண்பேயையும் பாடினார். அது பதினோராம் திருமுறையில் இருக்கிறது. தொல்காப்பியம் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளில் நகையும் உவகையும் பெருமிதமும் இருக்கிற அதே வரிசையில் அச்சமும் இளிவரலும் வெகுளியும் இருக்கின்றன. அருவருப்பையும் பயத்தையும் கலைக்கு வெளியே நிறுத்திய மரபு நம்முடையதல்ல. அவற்றை எடுத்துச் சொல்லத் தனிச் சந்தமும் தனி நடையும் வகுத்துக்கொண்ட மரபு.

இதைச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. கானிபல் கார்ப்ஸின் ஆரம்பகாலத் தட்டுகளில் பெண்களைச் சிதைப்பதைப் பற்றிய பாட்டுகள் உண்டு. ஜெர்மனியில் அவர்களுடைய முதல் மூன்று தட்டுகளின் பாட்டுகளை மேடையில் பாட 2006 வரை தடை இருந்தது. தடையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பாட்டுகளை நான் கேட்பதும் இல்லை. பரணியின் பேய் பேயாகவே பேசுகிறது. ஒரு பெண்ணின் உடலை வேட்டைப் பொருளாக்குவது வேறு. இந்த இசையை நேசிக்கிறவர்கள் அந்த வித்தியாசத்தை உரக்கச் சொல்ல வேண்டும். டெத் மெட்டல் பரந்த உலகம். அதில் வானியலைப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பண்டைய எகிப்தைப் பாடுகிற நைல் போன்ற குழு இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழரான கதிர் குரல் கொடுக்கும் ருத்ரா வேதாந்தத்தைப் பாடுகிறது.

2009-இல் சுவீடனின் ஓபெத் சென்னைக்கு வந்தது, ஐஐடி மெட்ராஸின் சாரங் கலைவிழாவில். திறந்தவெளி அரங்கில் கருப்புச் சட்டைக் கடலுக்குள் நானும் நின்றேன். ஒலிப்பதிவுக் கூடத்து இரவுகளில் தனியாகக் கேட்ட ஒன்றை ஆயிரக்கணக்கானவர்களோடு கேட்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓபெத்தின் பாடகர் மீக்கேல் ஓக்கர்ஃபெல்டின் தொண்டையில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் மென்மையாக, கிட்டத்தட்ட நாட்டுப்பாடல்போலப் பாடுகிறார். அடுத்த வரியில் பூமிக்கு அடியிலிருந்து இன்னொருவர் எழுந்து வருகிறார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தணிந்த குரலில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த உறுமல் எழுந்தபோது என்னைச் சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் வெறுப்பு இல்லை. கண்ணை மூடியிருந்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தார்கள், தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முண்டியடித்ததில் கீழே விழுந்த ஒரு பையனை முன்பின் தெரியாத நாலு பேர் உடனே தூக்கி நிறுத்தி, கழன்ற செருப்பையும் தேடிக் கொடுத்தார்கள். மெட்டல் கூட்டத்தின் எழுதாத சட்டம் அது: விழுந்தவனைத் தூக்கு.

இந்த இசை சாவைப் பற்றி இத்தனை தீவிரமாக ஏன் பேசுகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த நேர்மையான விடை, சக் ஷுல்டினரின் வாழ்க்கை. டெத் குழுவைத் தொடங்கியவர். 1967-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் அண்ணனைப் பறிகொடுத்தார். அண்ணனுக்கு அப்போது பதினாறு. பிள்ளையின் துக்கத்துக்கு வடிகாலாக இருக்கட்டும் என்று பெற்றோர் ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கிடாரிலிருந்து கிளம்பியதுதான் இதெல்லாம். 1987-இல் வெளிவந்த முதல் தட்டு 'ஸ்க்ரீம் பிளடி கோர்' முழுக்க ரத்தப் படங்களின் உலகம். அதிலேயே அவர் நின்றுவிடவில்லை. 1991-இல் 'ஹியூமன்', 1993-இல் 'இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்', 1995-இல் 'சிம்பாலிக்' என்று வரிசையாக வந்தவற்றில் நம்பிக்கைத் துரோகம், நினைவு, மனிதர்கள் ஒருவரையொருவர் எடைபோடுகிற விதம் ஆகியவற்றைப் பாடினார். இசை மேலும் மேலும் நுட்பமானது. குரலும் மாறியது: தொடக்கத்தின் அடிவயிற்று உறுமல் வருஷம் போகப்போக மேலேறி, கிழிந்த துணி போன்ற கூர்மையான கதறலானது. 1999-இல், தன் 32-ஆவது பிறந்தநாள் அன்றைக்கு, மூளையில் கட்டி என்று அவருக்குத் தெரிந்தது. 2001 டிசம்பர் 13-ஆம் தேதி போய்விட்டார். வயது 34. சாவு என்ற பெயரைக் குழுவுக்கு வைத்தவர், சாவின் பக்கத்தில் சின்ன வயதிலேயே உட்கார்ந்து எழுந்தவர். அவருடைய பாட்டில் சாவு அலங்காரமாக ஒலிக்காததற்குக் காரணம் அது என்று நம்புகிறேன்.

அதை நான் நம்புவதற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. என் சித்தப்பாவின் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் ராத்திரிக் காவல் என் பொறுப்பு. விடிகாலையில் சித்தி வந்து மாற்றிவிடுவார். வெளியே டீக்கடையில் எஃப்எம் ஓடிக்கொண்டிருக்கும். சோகப் பாட்டு, எனக்கு மிகவும் பிடித்த பாடகரின் குரல், நானே ஒரு காலத்தில் உருகி உருகிக் கேட்ட மெட்டு. அந்த நாட்களில் அதைத் தாங்கவே முடியவில்லை. அந்த இனிமை என்னை அழச் சொன்னது. துக்கம் இத்தனை அழகானது பார் என்று காட்டியது. உள்ளே படுக்கையில் நான் பார்த்துவிட்டு வந்ததில் அழகு எதுவும் இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, வாய் உலர்ந்திருந்தது, என் கையைப் பிடித்திருந்த விரல்களில் பலம் இல்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து 'ஸ்லோலி வீ ராட்' போட்டுக்கொள்வேன். ஜான் டார்டியின் குரல் எனக்கு எந்த ஆறுதலும் சொல்லவில்லை. நீ இதை உணர வேண்டும் என்று கட்டளையிடவும் இல்லை. உடம்பு இப்படித்தான் முடிகிறது என்பதை நான் பார்த்துவிட்டு வந்த அதே நிறத்தில் சொன்னது. உண்மையைச் சொல்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற உணர்வு வரும். அரை மணி நேரப் பயணம் முடிந்து இறங்கும்போது நடக்கத் தெம்பு இருக்கும்.

சித்தப்பா போன அன்றைக்கு ஊரிலிருந்து வந்த பெரியம்மாக்களும் அத்தைகளும் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். காலையில் தொடங்கியவர்களின் குரல் மத்தியானத்துக்குள் கட்டிப்போய், கிழிந்து, வெறும் காற்றும் கரகரப்புமாக வந்தது. ஒப்பாரியில் குரல் உடைவதை யாரும் பிசிறு என்று சொல்வதில்லை. அந்த உடைவு இருந்தால்தான் அது ஒப்பாரி. ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் இத்தனை வருஷம் வெட்டி எறிந்த ஓசைகளெல்லாம் அங்கே மொத்தமாகக் கூடியிருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அழிக்க எனக்கு மனம் வந்திருக்காது. அன்றைக்குத்தான் அந்தக் குரலின் கவர்ச்சி என்னவென்று எனக்குள் தெளிவானது. இனிமை கேட்பவரைத் தன் பக்கம் இழுக்கிறது. இனிக்காத குரல் கேட்பவரை அவர் நிற்கிற இடத்திலேயே விட்டு, அவரோடு சேர்ந்து நிற்கிறது.

பாடுகிறவரை அது மறைத்துவிடுகிறது என்பதும் அதன் பலம். சினிமாப் பாட்டில் முதல் வரியிலேயே யார் பாடுகிறார், ஆணா பெண்ணா, இளசா முதுசா என்று சொல்லிவிடலாம். உறுமலில் அந்த அடையாளங்கள் உதிர்ந்துபோகின்றன. ஜெர்மனியின் ஆஞ்செலா காசோ 2000-இல் சுவீடனின் ஆர்ச் எனிமி குழுவில் சேர்ந்தார். அடுத்த வருஷம் வந்த 'வேஜஸ் ஆஃப் சின்' தட்டை அட்டையைப் பார்க்காமல் கேட்கிறவருக்குப் பாடுவது பெண் என்று தோன்றவே தோன்றாது. அவருக்குப் பிறகு எத்தனையோ பெண்கள் இந்தப் பாட்டுக்கு வந்துவிட்டார்கள். அழகு, வயது, சாதி, ஊர் எதுவும் ஒட்டாத ஒரு தொண்டை. அதில் யாரும் யாருடைய பயத்தையும் பாடலாம்.

இப்போது எனக்கென்று ஒரு சின்ன கூடம் இருக்கிறது. பகலில் பக்திப் பாட்டு, ராத்திரி மெட்டல் என்ற ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. இனிய குரலின் மேல் எனக்கு இருந்த மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. எல்லாவற்றையும் இனிமையாகச் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை மட்டும்தான் போய்விட்டது. சாவும் பயமும் உடம்பின் அழிவும் இனிமைக்குள் அடங்குவதில்லை. அவற்றுக்கென்று ஒரு குரலைக் கண்டுபிடித்து, பழகி, தொண்டை கெடாமல் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள் என்பது மனிதர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. உங்கள் வீட்டுப் பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இதைக் கேட்கிறான் என்றால், கேட்கிறாள் என்றால், கதவைத் தட்டி உள்ளே போங்கள். 'சிம்பாலிக்' தட்டைப் போடச் சொல்லுங்கள். முதல் பாட்டில் டிரம்ஸை மட்டும் கேளுங்கள், இரண்டாவதில் கிடாரை, மூன்றாவதில் குரலை. பிடிக்காமல் போகலாம், அதில் தப்பில்லை. ஆனால் அது வெறும் கத்தல் என்று அதற்குப் பிறகு உங்களால் சொல்ல முடியாது. பிள்ளை யார் மேல் கோபமாக இருக்கிறது என்று கேட்பதைவிட, இதில் உனக்கு எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்காக அவர்கள் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார்கள்.